வட்டில் வாழும் முறைமை: லைவ் சீடியும் அதனை மீள ஆக்கியோரும்

கணினியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பொறிகளின் வேகத்தையும் நிறுவனங்களின் செல்வத்தையுமே அளந்து கூறியுள்ளனர். பொறியில் இயங்கும் மென்பொருளை அதனைப் பயன்படுத்துவோரே தம் தேவைக்கேற்பப் பிரித்தும் கழித்தும் சேர்த்தும் மீண்டும் ஒன்றாக்கிப் பிறர்க்கு வழங்கிய வரலாறு அத்துணை விரிவாக எழுதப்படவில்லை. லைவ் சீடி என வழங்கும் இறுவட்டின் வரலாறு இவ்வகையினது. வன்தட்டில் எதனையும் நிறுவாமல், இறுவட்டினைச் செருகிக் கணினியைத் தொடக்கிய அளவிலேயே முழுமையானதொரு பணிசெயல் முறைமை திரையில் எழுவதும், வட்டினை வெளியே எடுத்ததும் கணினி தன் பழைய நிலைக்கே மீள்வதும் 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளிலே பலரையும் வியப்பில் ஆழ்த்தின. அவ்வியப்பு இன்று தணிந்துவிட்டது. இறுவட்டுச் செலுத்தியே இல்லாத கணினிகள் பெருகிவிட்ட காலத்தில் அது தணிந்ததில் புதுமையில்லை. ஆயினும் அவ்வட்டு எவ்வாறு உருவாயிற்று, அதனைப் பிறர் தமக்கேற்ப மாற்றியமைக்கும் வழக்கம் எவ்வாறு பரவிற்று, அவ்வழக்கம் எவ்வகைக் கடப்பாடுகளைத் தோற்றுவித்தது என்பன ஆராயத்தக்கனவே.

இவ்வரலாற்றுக்கு அடிப்படையாய் அமைந்தது ஓர் உரிமைப் பத்திரம் என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1983ஆம் ஆண்டு செப்டெம்பரில் றிச்சேட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கர் குனூ என்ற பெயரில், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் கூடிய பணிசெயல் முறைமையொன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். அம்முயற்சியின் பயனாய் எழுந்த பொது உரிமம் 1989இல் முதற் பதிப்பாகவும் 1991இல் இரண்டாம் பதிப்பாகவும் வெளிவந்தது. அதே 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், கேர்னல் எனப்படும் முறைமையின் கருவினை எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதனைக் குனூ உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். கருவும் கருவிகளும் ஒன்றுசேர, அவற்றைத் திரட்டிப் பொதிகளாக்கி வழங்கும் விநியோகங்கள் பல தோன்றின. பிறர் ஆக்கத்தைப் பிரித்து மாற்றுவதற்குச் சட்டத்தின் அனுமதி இல்லாதிருந்திருப்பின், பின்னர் கூறப்படும் எதுவும் நிகழ்ந்திராது. அல்லது மறைவாய் நிகழ்ந்திருக்கும்.

க்னொப்பிக்ஸ் என்னும் வட்டே முதலாவது லைவ் சீடி என்றும், அதனை ஆக்கிய கிளவுஸ் க்னொப்பரே அவ்வெண்ணத்தின் தந்தை என்றும் சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. 1992ஆம் ஆண்டு டிசெம்பரில், கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரிலிருந்து அடம் றிக்ரர் என்பார் இக்ட்றசில் என்ற பெயரில் லினக்ஸ் விநியோகமொன்றை இறுவட்டில் வெளியிட்டார். நோர்டிக் புராணங்களிலே உலகங்களைத் தாங்கும் பெருமரத்தின் பெயர் அது. அவ்வட்டினை வன்தட்டில் நிறுவாமலே இயக்கவும் இயலும். எனினும் இரு குறைகள் அதனைப் பின்னிழுத்தன. அக்காலக் கணினிகள் இறுவட்டிலிருந்து தாமாகத் தொடங்க அறியா. ஆதலின் தொடக்கத்துக்கென நெகிழ்வட்டொன்று தனியே வேண்டியிருந்தது. மற்றையது வேகம். முதற்றலைமுறை இறுவட்டுச் செலுத்தி ஒரு செக்கனில் 150 கிலோபைற் அளவே வாசிக்க வல்லது. வரைகலைத் திரையொன்று எழும்வரை காத்திருப்பது பொறுமைக்கு வைத்த சோதனையாகவே இருந்தது. 1995ஆம் ஆண்டின் பின் அவ்விநியோகம் புதுப்பிக்கப்படவில்லை. எண்ணம் தோன்றிற்று, அதற்கேற்ற காலம் தோன்றவில்லை.

அக்காலத்தைத் தோற்றுவித்தவை மூன்று. அவற்றுள் முதலாவது தொடக்கம் பற்றிய உடன்பாடு. இறுவட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை ஐ.எஸ்.ஓ. 9660 என்ற எண்ணுடன் 1988இல் சர்வதேச நியமமாயிற்று. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாயிருக்க வேண்டி, அந்நியமத்தின் அடிப்படை நிலை கோப்பின் பெயரை எட்டெழுத்துக்கும் அதன் நீட்சியை மூன்றெழுத்துக்கும் மட்டுப்படுத்திற்று. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளுக்கு இன்றியமையாத நீண்ட பெயர்களும், கோப்பின் உடைமையாளர் யார், அதனை இயக்கும் உரிமை யார்க்கு என்ற விபரங்களும் அதில் இடம்பெறவில்லை. இக்குறையை நிரப்பிய விரிவாக்கத்துக்கு ‘றொக் றிட்ஜ்’ எனப் பெயர். மெல் புறூக்ஸ் இயக்கி 1974இல் வெளிவந்த நகைச்சுவைத் திரைப்படமொன்றில் வரும் ஊரின் பெயர் அது. பொறியியலாளர் பெயரிடும் வேளைகளில் தமிழ்ப் புலவர் போன்று வருந்துவதில்லை. 1995ஆம் ஆண்டு ஜனவரியில் பீனிக்ஸ் டெக்னோலொஜிஸ் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து, கணினி இறுவட்டிலிருந்து தொடங்கும் முறையை வரையறுத்தன. அதற்கு ‘எல் டொரிட்டோ’ எனப் பெயர். இதுவும் ஓர் உணவகத்தின் பெயரே. இம்முறைப்படி நெகிழ்வட்டொன்றின் முழுப் படிமத்தை இறுவட்டினுள்ளே பொதிந்துவைத்தால், கணினி அதனை உண்மையான நெகிழ்வட்டென மயங்கித் தொடங்கும். இக்ட்றசிலுக்கு வெளியே வேண்டியிருந்த நெகிழ்வட்டு இவ்வாறு இறுவட்டின் உள்ளேயே குடிபுகுந்தது.

இரண்டாவது, எழுதும் கருவியின் விலை. இறுவட்டு எழுதும் செலுத்தி 1990ஆம் ஆண்டளவில் பெருநிறுவனங்களுக்கே உரிய பொருளாயிருந்தது. 1995இல் அதன் விலை ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் கீழ் இறங்கிற்று. பத்தாண்டு முடிவில் அது வீட்டுக் கணினிகளில் இயல்பாக இடம்பெறும் பொருளாயிற்று. வாசிப்பதற்கு மட்டுமே இருந்த ஊடகம் எழுதுவதற்கும் உரியதான அன்றுதான் வட்டினை மீள ஆக்குதல் என்பது கருதத்தக்கதாயிற்று.

மூன்றாவது, சுருக்கம். இதன் வரலாறு வேறோர் இடத்திலே தொடங்குகிறது. பழுதடைந்த கணினிகளைச் சீர்செய்வோர் நெடுங்காலமாகவே நெகிழ்வட்டொன்றில் அடங்கும் சிறு முறைமைகளைக் கையாண்டு வந்தனர். ரொம் ஓசர் என்பார் ஆக்கிய ‘ரொம்ஸ்ஆர்பிரி’ 1.44 மெகாபைற் நெகிழ்வட்டை 1.722 மெகாபைற் கொள்ளுமாறு வேறு வகையில் வடிவமைத்து, மீட்புக்கு வேண்டிய கருவிகள் பலவற்றையும் அதனுள் திணித்தது. 1999இல் லினக்ஸ்கெயர் என்ற அமெரிக்க நிறுவனம் முகவரி அட்டையின் அளவும் வடிவமும் கொண்ட சிறு இறுவட்டொன்றை வழங்கிற்று; அது ஏறத்தாழ 50 மெகாபைற் கொள்ளும். இதே காலத்தில் பிரான்சிலே றொபேட்டோ டி கொஸ்மோவும் அவருடன் இணைந்த இருவரும் ‘டெமோலினக்ஸ்’ என்னும் வட்டினை உருவாக்கினர். வன்தட்டைத் தொட அஞ்சுவோரும் லினக்ஸைக் கண்டறிய வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். இம்முயற்சிகளிடையே அவுஸ்திரேலியரான றஸ்ரி றஸ்ஸல் எழுதிய ‘சீலூப்’ என்னும் சிறுநிரல் தோன்றிற்று. சுருக்கி வைக்கப்பட்ட ஒரு பெருங்கோப்பினை வட்டெனக் கருதச்செய்து, கேட்ட பகுதியை மட்டும் அக்கணமே விரித்துக் கொடுப்பது அதன் பணி. இதனால் 700 மெகாபைற் வட்டிலே ஏறத்தாழ 2 கிகாபைற் மென்பொருள் அடங்கிற்று. இடம் மிஞ்சியதன்றி வேகமும் மிகுந்தது. செலுத்தியே மந்தமானது, செயலகமோ விரைவானது. ஆகவே குறைவாக வாசித்து விரித்துக்கொள்வது நிறைய வாசிப்பதிலும் இலாபம்.

இனி க்னொப்பரை நோக்கலாம். 1968இல் பிறந்த இவர் மின்பொறியியல் கற்றவர். ஜேர்மனியின் கைசர்ஸ்லோட்டேர்ன் நகரைச் சார்ந்தவர். லினக்ஸ்ராக் என்னும் கண்காட்சியை அங்கு தொடக்கியோருள் ஒருவர். செல்லுமிடமெல்லாம் மடிக்கணினியைச் சுமக்காது, அங்கங்கே கிடைக்கும் கணினியில் தம் கருவிகளைப் பயன்படுத்த வேண்டும் என்ற எளிய தேவையே அவரை இப்பணியில் ஈடுபடுத்திற்று. இறுவட்டிலிருந்து தொடங்கும் முறையைக் கற்றறியும் ஆவலும் உடனிருந்தது. 2000ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்காவின் அத்லாந்தா நகரில் நிகழ்ந்த லினக்ஸ் மாநாட்டில், ஐ.எஸ்.ஓ. 9660 கோப்பு முறைமையில் தன்னிறைவானதும் தன்னைத்தானே ஒழுங்கமைப்பதுமான லினக்ஸ் முறைமையொன்றை அமைத்தல் பற்றி அவர் கட்டுரை படித்தார். தலைப்பிலுள்ள ‘தன்னைத்தானே ஒழுங்கமைத்தல்’ என்ற தொடரிலேதான் அவருடைய தனிச்சிறப்பு அடங்கியுள்ளது.

ஏனெனில் அக்காலத்தில் லினக்ஸை நிறுவுவோர் தம் கணினியின் உறுப்புகளைத் தாமே நன்கறிந்திருத்தல் வேண்டும். திரையின் அதிர்வெண், ஒலியட்டையின் இனம், சுட்டியின் வகை என ஒவ்வொன்றையும் கேள்விகளுக்கு விடையாகக் கூற வேண்டியிருந்தது. தன் வீட்டுக் கணினிக்கே விடை கூறத் தெரியாதவன் அயலான் கணினியில் என் செய்வான்? க்னொப்பர் றெட் ஹற் விநியோகத்தின் ‘குட்சு’ என்னும் வன்பொருள் கண்டறியும் நிரற்றொகுதியை எடுத்து, டெபியன் விநியோகத்தின் பொதிகளோடு பொருத்தி, தாம் எழுதிய தொடக்க நிரல்களால் அவற்றைப் பிணைத்தார். வட்டினைச் செருகியோனிடம் எக்கேள்வியும் கேட்கப்படவில்லை. சில நிமிடங்களில் கே.டி.ஈ. என்னும் வரைகலைச் சூழல் எழுந்தது. சீலூப் நிரலையும் அவரே பின்னர் திருத்திப் பேணலானார். ஆகவே அவர் புதிதாய்க் கண்டுபிடித்தவை சிலவே. பிறர் கண்டவற்றைப் பொருத்தமுறச் சேர்த்ததே அவருடைய ஆக்கம். இதனைக் குறைவாக மதிப்பிடுதல் தகாது. தொகுப்பாசிரியனும் ஆசிரியனே.

க்னொப்பிக்ஸ் தொடங்கும் முறை சற்று விரித்துக் கூறத்தக்கது. முதலிற் கருவும், அதனோடு ஒரு சிறு தொடக்க முறைமையும் நினைவகத்தில் ஏறும். அச்சிறு முறைமை கணினியிலுள்ள செலுத்திகளை ஒவ்வொன்றாகத் தேடி, க்னொப்பிக்ஸ் என்ற கோப்புறையினுள் அதே பெயருடைய பெருங்கோப்பு எங்குளதெனக் காணும். கண்டதும் சீலூப் வழியாக அதனைத் திறக்கும். பின்னர் நினைவகத்திலேயே ஒரு சிறு வட்டினைக் கற்பித்து, மாற்றத்துக்குள்ளாகும் கோப்புகளை அதில் வைக்கும். வட்டு மாறாதது, நினைவகம் நிலையாதது. மாறாதது ஒன்றும் நிலையாதது ஒன்றும் சேர்ந்து முழுமையான முறைமையாயின என்பதே இதன் விந்தை. ஆயின் தொடக்கப் பதிப்புகளில் எக்கோப்பு மாறும், எது மாறாது என்பதை ஆக்குவோனே முன்னறிந்து பிரித்து வைத்திருந்தான். புதிய மென்பொருளொன்றை ஓட்டத்தின்போதே சேர்க்க முயன்றோர் ‘எழுத முடியாது’ என்ற விடையையே பெற்றனர். இத்தடையே மீளாக்கத்துக்கு வழிவகுத்தது. வட்டின் உள்ளடக்கம் போதாதாயின் வேறு வட்டே ஆக்கவேண்டும்.

அவ்வாறு ஆக்கும் முறை, அம்முயற்சியில் ஈடுபட்டோராலேயே எழுதப்பட்டு, கையேடாக வளர்ந்தது. 2004இல் கைல் றன்கின் எழுதி ஓறைலி நிறுவனம் வெளியிட்ட க்னொப்பிக்ஸ் பற்றிய நூலிலும் அது இடம்பெற்றது. செய்முறை வருமாறு. மூல வட்டினால் கணினியைத் தொடக்கி, வன்தட்டில் ஏறத்தாழ 3 கிகாபைற் வெற்றிடம் உள்ள பகுதியொன்றைத் தெரிந்து, விரிந்த நிலையிலுள்ள கோப்புகள் அனைத்தையும் உரிமை விபரங்கள் சிதையாவண்ணம் அதிற் படியெடுத்தல் வேண்டும். அடுத்து வருவது வேர்மாற்றம். யுனிக்ஸின் ஏழாம் பதிப்புக் காலமாகிய 1979இலிருந்தே வழங்கும் ஒரு கட்டளையால், அப்படியின் கோப்புறையையே உலகின் வேரென முறைமை நம்புமாறு செய்யலாம். கணினி இயங்குவது ஒரு முறைமையில். கட்டளை இடுவோன் நிற்பதோ இன்னும் பிறவாத வேறொரு முறைமையின் உள்ளே. அங்கு நின்றுகொண்டு டெபியனின் பொதிக் கருவியால் வேண்டாதவற்றை நீக்கலும் வேண்டியவற்றைச் சேர்த்தலும் எளிதாயின.

எளிது என்றது கட்டளையைப் பற்றியே, தீர்மானம் எளிதன்று. 700 மெகாபைற் என்னும் எல்லை இரக்கமற்றது. முப்பது மெகாபைற் சேர்க்க விரும்பியோன் முப்பது மெகாபைற்றை வெளியேற்றியாக வேண்டும். எதனை வெளியேற்றுவது? ஆசிரியன் ஒருவனுக்குக் கணித நிரல்கள் வேண்டும், விளையாட்டுகள் வேண்டா. அலுவலகத்தானுக்கு எழுத்துச் செயலி வேண்டும், நிரல்மொழிகள் வேண்டா. ஒரு பொதியை நீக்கினால் அதனைச் சார்ந்த பிறவும் உடன்விழும். விழுந்தவற்றுள் வேண்டியதொன்று இருப்பின் மீண்டும் ஏற்றுதல் வேண்டும். உலகுக்கெல்லாம் பொதுவாய் ஆக்கப்பட்ட வட்டொன்றில் தன் ஊர்க்கும் தன் தொழிற்கும் தன் மொழிக்கும் உரியன யாவை என்று ஒருவன் ஒவ்வொரு பொதியாக நோக்கித் துணிந்த கணங்களே இவ்வரலாற்றின் உண்மையான நிகழ்ச்சிகள்.

தீர்மானம் முடிந்தபின் துப்புரவு செய்தல் வேண்டும். இறக்கிய பொதிகளின் எச்சங்களை அழிக்காது விட்டால் வட்டு பெருக்கும். வேர்மாற்றத்தினுள் ஏற்றிய செய்முறைக் கோப்புறையை இறக்காது விட்டால் இயங்கும் கணினியின் நிழலெல்லாம் வட்டினுட் புகும். இவ்விரண்டும் பயில்வோர் பலரும் செய்த பிழைகள். அதன் பின்னரே சுருக்குதல். கோப்பு முறைமை 64 கிலோபைற் துண்டங்களாக வெட்டப்பட்டு ஒவ்வொன்றும் தனித்தனியே சுருக்கப்படும். தொடக்ககாலச் சுருக்கு நிரல் விளைவு முழுவதையும் நினைவகத்திலேயே திரட்டி வைத்து இறுதியில் எழுதியமையால், நினைவகமும் அதற்குப் பதிலாக வன்தட்டில் ஒதுக்கிய இடமும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிகாபைற் வேண்டியிருந்தது. 128 அல்லது 256 மெகாபைற் நினைவகமே பொதுவாயிருந்த அந்நாளில் இது பெருஞ்சுமை. கணினியை இயங்கவிட்டு உறங்கச் சென்று, காலையில் எழுந்து பார்ப்பதே வழக்கமாயிற்று. இறுதியாக, தொடக்கப் படிமத்தையும் சுருக்கிய கோப்பையும் சேர்த்து ஐ.எஸ்.ஓ. படிமமாக்கி வட்டில் எழுதுதல். எழுதிய வட்டு தொடங்காவிடின், பிழை எங்கெனத் தேடி முதலிலிருந்து வருதல். வீணான வெற்று வட்டுகள் மேசைமீது குவிவதும் இக்கலையின் ஒரு பகுதியே.

இவ்வழியில் தோன்றிய வட்டுகள் பல. அவை வெறும் அலங்கார மாற்றங்கள் அல்ல என்பதற்குச் சில சான்றுகள் போதும். டேர்க் எடில்புற்றெல் 2003இல் தொடக்கிய ‘குவான்ரியன்’ புள்ளிவிபரவியலுக்கும் எண்கணிப்புக்கும் உரிய மென்பொருள்களைத் திரட்டிற்று. பார்சிலோனாவின் தன்னாட்சிப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் மைக்கல் கிறீல் ஆக்கிய ‘பரலல் க்னொப்பிக்ஸ்’, கணினிக்கூடமொன்றின் கணினிகளையெல்லாம் சில நிமிடங்களில் ஒரே கணிப்புப் படையாக இணைத்தது. வேலை முடிந்து மறுபடி தொடக்கியதும் அவை மாணவர்தம் சாதாரணக் கணினிகளாயின. ஜோன் அன்றூஸ் 2003இல் தொடக்கிய ‘டாம் ஸ்மோல் லினக்ஸ்’ எதிர்த்திசையிற் சென்று, முழுமையான வரைகலை முறைமையை 50 மெகாபைற்றினுள் அடக்குவதையே விரதமாகக் கொண்டது. பழையன என ஒதுக்கப்பட்ட கணினிகள் பல இதனால் மீண்டும் பயன்பட்டன.

இவற்றுள் ‘ஹீலிக்ஸ்’ என்னும் வட்டு தனித்து நோக்கத்தக்கது. குற்றப்புலனாய்வில் கைப்பற்றப்பட்ட கணினியின் வன்தட்டில் ஓர் எழுத்தேனும் மாறினால் சான்று கெடும். க்னொப்பிக்ஸ் இயல்பாகவே வன்தட்டை வாசிப்புக்கு மட்டுமே திறப்பது. ஆதலின் அது புலனாய்வாளர்க்கு உவந்ததாயிருந்தது. ஆயினும் நினைவகத்துக்குத் துணையாக வன்தட்டில் ஒதுக்கப்பட்ட இடம் உண்டாயின், அதனைக் கேளாமலே பயன்படுத்தும் இயல்பும் அதற்கிருந்தது. பொதுப் பயனாளிக்கு இது நன்மை, புலனாய்வாளனுக்கோ சான்றழிப்பு. ஹீலிக்ஸை ஆக்கியோர் அவ்வியல்பை நீக்கினர். ஒரு வட்டின் நற்பண்பு மற்றொரு வட்டில் குற்றமாகலாம் என்பதனையும், அதனைத் திருத்தும் உரிமை பயன்படுத்துவோன் கையில் இருக்கவேண்டியதன் காரணத்தையும் இஃதொன்றே காட்டும்.

க்னொப்பரும் தம் வட்டினை ஒருவர்க்காக மீள ஆக்கினார். அவருடைய துணைவியார் பார்வைக் குறைபாடுடையவர். திரையின்றியே, பேச்சொலியாலும் விசைப்பலகையாலும் மின்னஞ்சல் வாசிக்கவும் இணையத்தைப் பயன்படுத்தவும் ஏற்ற முறைமை 2007இல் ‘அட்றியான்’ என்ற பெயருடன் வெளிவந்தது. அப்பெயரின் எழுத்துகள் நீண்டதொரு தொழினுட்பத் தொடரின் முதலெழுத்துகளாக விரிக்கப்பட்டுள்ளன. எனினும் அது அவ்வம்மையாரின் பெயரே. திரையில் எழும் படங்களைக் கண்டு பிறர் வியந்த வட்டு, படமே வேண்டாதார்க்கும் உரியதாயிற்று.

ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தோர் தாம் பொருந்தாதெனக் கருதியதைத் திருத்தியும் விடுபட்டதைச் சேர்த்தும் எழுதியமையால் பாடபேதங்கள் தோன்றின என்பதைத் தமிழ் கற்போர் அறிவர். எந்தச் சுவடிக்கு எது மூலம் என்று காண்பதற்குப் பதிப்பாசிரியர் பட்ட பாடும் அறிந்ததே. மென்பொருளுலகிலும் இவ்வினா எழுந்தது. மீள ஆக்கிய வட்டினை ஒருவன் பிறர்க்கு வழங்கின், அதிலுள்ள நிரல்களின் மூலத்தைக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது? மூல விநியோகம் இணையத்தில் வைத்துள்ளதே, அதுவே போதாதா எனப் பலர் எண்ணினர். 2006இல் மெப்பிஸ் என்னும் விநியோகத்தின் பொருட்டு இவ்வினா வெளிப்படையாயிற்று. தாம் திருத்தாத பொதிகளின் மூலத்தை மேலுள்ள விநியோகமே வழங்குதலின் தாமும் தனியே வழங்கவேண்டியதில்லை என்பது அதனை ஆக்கியவரின் எண்ணம். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதனை மறுத்தது. உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்படி, இயங்குநிலை நிரலை வழங்குவோர் மூலத்தை உடன் கொடுத்தல் வேண்டும். அன்றேல் மூன்றாண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்துமூல உறுதியேனும் அளித்தல் வேண்டும். வணிக நோக்கின்றி வழங்குவோர் மட்டும், தமக்கு அவ்வகை உறுதி கிடைத்திருப்பின், அதனை மேற்கொண்டு பகிரலாம்.

சிறு வட்டுகளை ஆக்கியோர்க்கு இது கசப்பாகவே இருந்தது. ஓய்வு நேரத்தில் தனியொருவராக இயங்கியோர் பல கிகாபைற் மூலத்தைப் பேணி வைப்பதற்குரிய இடமும் பணமும் அற்றவர். அவர்தம் முறைப்பாட்டில் நியாயமில்லை எனல் இயலாது. ஆயினும் அறக்கட்டளையின் நிலைப்பாடே உறுதியானதெனக் கொள்ளல் வேண்டும். மேலுள்ள விநியோகம் ஒருநாள் தன் பழைய பொதிகளை அகற்றிவிடின், வட்டினைப் பெற்றோன் கையில் இயங்கும் நிரல் இருக்கும். அதனைத் திருத்தும் வழி இராது. தனக்குக் கிடைத்த உரிமையைத் தன்னிடம் பெறுவோர்க்குக் குறையாது கையளித்தாலன்றி அவ்வுரிமை ஒரு தலைமுறைக்கு மேல் நில்லாது.

இதற்கிடையில் தொழினுட்பமும் முதிர்ந்தது. எழுத முடியாத வட்டின்மேல் எழுதக்கூடிய படலமொன்றைப் போர்த்தி, இரண்டையும் ஒன்றாகக் காட்டும் முறை அமெரிக்காவின் ஸ்ரோனி புறூக் பல்கலைக்கழகத்தில் ‘யூனியன்எப்எஸ்’ என ஆக்கப்பட்டது. 2005இல் வந்த க்னொப்பிக்ஸ் 3.8 அதனை ஏற்றது. அதன் பின்னர் ஓட்டத்தின்போதே மென்பொருள் சேர்த்தல் இயல்வதாயிற்று. பிலிப் லோகர் ஆக்கிய ‘ஸ்குவாஷ்எப்எஸ்’ சீலூப்பினும் செறிவாகச் சுருக்கிற்று. 2009இல் லினக்ஸ் கருவின் பகுதியாயிற்று. மீளாக்கமும் கைவினை நிலையிலிருந்து நீங்கி நிரலாக்கப்பட்டது. செக் நாட்டவரான தொமாஷ் மட்டியெய்ச்செக் ‘ஸ்லக்ஸ்’ வட்டினை ஆக்கிய நிரல்களை எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். பெடோரா 2007இலும் டெபியன் அதனை அண்டிய ஆண்டுகளிலும் தத்தம் கருவிகளைத் தந்தன. வேண்டிய பொதிகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் வட்டு தானாக உருவாகும். இலங்கையிலே பெடோராவை அடியாகக் கொண்டு எழுந்த ‘ஹந்தான’ லினக்ஸ் இவ்வழிப்பட்டதே. பேராதனை வளாகத்தின் பின்னணியாய் நிற்கும் மலைத்தொடரின் பெயரை அது தாங்கிற்று.

வட்டுகள் பரவிய விதமும் குறிக்கத்தக்கது. தொலைபேசி இணைப்பு வழியே 700 மெகாபைற் இறக்குதல் நாட்கணக்கான வேலை. ஆதலின் ஐரோப்பாவில் கணினிச் சஞ்சிகைகளோடு வட்டுகள் இணைந்து வந்தன. உபுண்டுவை ஆக்கும் கனோனிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை கேட்டோர்க்கெல்லாம் உலகின் எப்பகுதிக்கும் இலவசமாகவே வட்டுகளை அஞ்சலில் அனுப்பிற்று. 2006 ஜூனில் வெளிவந்த உபுண்டு 6.06இல் லைவ் சீடியே நிறுவும் வட்டாகவும் அமைந்தது. முதலில் இயக்கிப் பார்த்து, பிடித்தால் நிறுவிக்கொள்ளும் வழக்கம் அதனாற் பொதுவாயிற்று. தென்னாபிரிக்காவில் ஷட்டில்வேர்த் அறக்கட்டளை நிறுவிய ‘பிறீடம் ரோஸ்ரர்’ என்னும் பொறிகளில், வெற்று வட்டுடன் சென்றோர் தாம் விரும்பிய கட்டற்ற மென்பொருளை இலவசமாக எழுதிக்கொண்டு மீண்டனர். கிணற்றடிக்குக் குடம் கொண்டு செல்வது போன்றது அது.

2012 ஒக்ரோபரில் வெளிவந்த உபுண்டு 12.10 இறுவட்டின் எல்லையைக் கடந்து 800 மெகாபைற் அளவினதாயிற்று. 2013இல் வந்த 7.2ஆம் பதிப்போடு க்னொப்பிக்ஸும் சீடியை விடுத்தது. பின்னர் வந்தவை டீவீடிக்கும் யூ.எஸ்.பி. நினைவியிற்கும் உரியன. நினைவியில் எழுதவும் இயலுமாதலின், மறதியே இயல்பாயிருந்த முறைமை நினைவும் பெற்றது. அம்மறதியையே அரணாகக் கொண்டவை சில எஞ்சியுள்ளன. 2009இல் தொடங்கிய ‘ரெயில்ஸ்’, பயன்படுத்தியோன் கணினியில் எச்சுவடும் விடாதிருத்தற்கென்றே ஆக்கப்பட்டது; 2013இல் எட்வேட் ஸ்னோடனும் அவரோடு தொடர்புகொண்ட பத்திரிகையாளரும் அதனையே கையாண்டனர்.

சீடி நீங்கிய பின்னும் ‘லைவ் சீடி’ என்ற வழக்கு உடனே நீங்கவில்லை. இறக்கப்படும் படிமத்தின் பெயரும் ஐ.எஸ்.ஓ. என்றே முடிகிறது. ஒவ்வொரு கூறும் 2048 பைற் கொண்ட அப்படிமத்தில் பதினேழாம் எண்ணுடைய கூறினைத் திறந்து நோக்கின், எந்த வட்டிலும் ஒருபோதும் எழுதப்படாத படிமத்திலுங்கூட, 1995இல் வரையறுத்தவாறே எல் டொரிட்டோ என்னும் உணவகத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம்.